'டோர்ட்' என்று ஒரு சொல்லே கிடையாது

அரிய ஆங்கிலச் சொற்கள் வரிசையில் "டோர்ட் என்றால் அடர்த்தி, பழைய வெப்ஸ்டர் அகராதியிலேயே இருக்கிறது" என்று போட்டிருக்கிறீர்கள். அகராதியில் அச்சானது உண்மை. சொல்தான் பொய்.

1931இல் அதன் வேதியியல் ஆசிரியர், அடர்த்தியின் சுருக்கக் குறியாகப் பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' வரும் என்று ஒரு சீட்டு எழுதினார். அந்த 'அல்லது', அதாவது ஆங்கில 'ஆர்' (or), இருபுறமும் இருந்த 'டி'க்களோடு ஒட்டிக்கொண்டு 'Dord' என்று ஒரே சொல்லாகி 1934 பதிப்பில் ஏறிவிட்டது. சொற்பிறப்பே இல்லாமல் நிற்கிறதே என்று இன்னொரு ஆசிரியர் 1939இல் கண்டுபிடித்தார், 1947இல் நீக்கினார்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தங்கை "நோட்டில் எழுதிக்கொண்டேன்" என்று கீழே சொல்லியிருக்கிறார். அம்மா, அதை அடித்துவிடுங்கள். அடர்த்திக்கு 'டென்சிட்டி'தான்.