கிரெயின் மட்டும் போதாது
கிரெயின் (பிலிமில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள்) ஓவர்லே ஒன்றை வீடியோவின் மேல் அடுக்காகப் போட்டாலே டிஜிட்டல் வீடியோ பிலிம் மாதிரி ஆகிவிடும் என்று மேலே உள்ள கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. ஓவர்லே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தூவிவிடும். நிஜ பிலிம் நெகட்டிவில் கிரெயின் அந்தந்த இடத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும். அதைவிட முக்கியம் ஹாலேஷன், அதாவது பிலிமில் விளக்குகளைச் சுற்றித் தெரியும் ஒளிக்கசிவு. பலமான ஒளி எமல்ஷனை (பிலிமில் ஒளியை உணரும் பூச்சு) தாண்டி பிலிமின் பின்பக்கம் மோதித் திரும்பும்போது, அடியில் இருக்கும் சிவப்பை உணரும் அடுக்கில் முதலில் படுவதால்தான் விளக்குகளைச் சுற்றிச் செந்நிறம் கசிகிறது. டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் இதற்குத் தனி எஃபெக்டே உண்டு; கொஞ்சமாகப் போடுங்கள், கூடினால் எல்லா விளக்கும் தீப்பிடித்த மாதிரி இருக்கும். அப்புறம், மேலே கமெண்டில், பிலிம் மாதிரி தெரிய நொடிக்கு 24 பிரேம் வைத்தால் போதும் என்று எழுதிய நண்பருக்கு: ஷட்டர் வேகம் 1/50 நொடி பக்கம் இல்லாவிட்டால் அசைவு வெட்டி வெட்டித்தான் தெரியும். வெயிலில் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) இல்லாமல் 1/1000இல் எடுத்த கல்யாண வீடியோக்கள் என்னிடம் வருகின்றன. அசைவின் மங்கலைப் பிறகு சேர்க்கும் மோஷன் பிளர் பிளகின் போட்டாலும் வேகமாக வீசும் கைகளின் ஓரம் கிழிந்துதான் நிற்கிறது.