மேப்ரி மில் பக்கத்து மரவீடு பற்றி ஒரு சின்னத் திருத்தம்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள மேப்ரி மில் என்ற பழைய தண்ணீர் ஆலையின் படத்தைப் போட்டு, பக்கத்தில் தெரியும் மரக்கட்டை வீட்டில்தான் ஆலையைக் கட்டிய எட் மேப்ரியின் குடும்பம் வாழ்ந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் மேப்ரி இருந்தது பலகை அடித்த மாடி வீட்டில். ஆலை அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையிடம் வந்தபின் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது மேத்யூஸ் குடில். 1950களில் பக்கத்து கேரல் கவுண்டியிலிருந்து (மாவட்டம் மாதிரி) பெயர்த்து வந்து வைத்தது. மக்காச்சோளம் அரைத்த ஆலை மட்டும் மேப்ரி கட்டியதுதான், 1900களின் தொடக்கத்தில்.

நேரில் போனால் புளூ ரிட்ஜ் பார்க்வே என்ற மலைச்சாலையின் 176-வது மைலில் இறங்கிக் குடிலின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைத் தளத்தில் 'மேத்யூஸ் குடில்' என்று ஆங்கிலத்தில் தேடினால் போதும். அப்புறம், 1930களுக்கு முந்தைய ஆலைப் படம் கிடைத்தால் அதில் இந்தக் குடில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது.