சந்தையை மூடியதும் ஆதரவு போனது

பெரு நாட்டில் ‘ஒளிரும் பாதை’ என்ற மாவோயிச ஆயுத இயக்கம் 1992இல் தலைவர் அபிமாயெல் குஸ்மான் பிடிபட்டதால்தான் சரிந்தது என்று சொல்வதுண்டு. சரி, ஆனால் மலைக் கிராமங்களில் சரிவு பல வருடம் முன்பே ஆரம்பித்துவிட்டது. அயகுச்சோ பகுதியில் இயக்கத்தினர் மாட்டுத் திருடர்களைத் தண்டித்துக்கொண்டிருந்த வரைக்கும் குடியானவர்கள் இயக்கத்தை வரவேற்கத்தான் செய்தார்கள். அப்புறம் நகரங்களைப் பட்டினி போடுகிறோம் என்று இயக்கத்தினர் வாரச் சந்தைகளை மூடினார்கள். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் சந்தையை நம்பியிருப்பவனிடம் போய்ப் புரட்சி பேசினால் எடுபடுமா? ஊர்ப் பெரியவர்களையும் கொன்றார்கள். எதிர்த்து நின்ற லுகானமார்கா பகுதியில் 1983 ஏப்ரலில் குழந்தைகள் உட்பட 69 பேரைக் கொன்றார்கள். ராணுவம் ஒன்றும் யோக்கியமில்லை, அதே மலைகளில் அதுவும் கிராமத்தாரைக் கொன்று குவித்தது. அப்படியிருந்தும் பல கிராமங்கள் ‘ரோண்டா’ என்ற ஊர்க்காவல் படை அமைத்து ராணுவத்தின் பக்கம் போயின.

தலைநகர் லிமாவிலும் இதே கதைதான். வில்லா எல் சால்வடோர் என்ற ஏழைக் குடியிருப்பில் பெண்களைத் திரட்டி, ஏழைக் குழந்தைகளுக்குப் பால் கிடைக்கப் பாடுபட்டவர் மரியா எலேனா மொயானோ. 1992 பிப்ரவரியில் அவரைச் சுட்டு, உடலையும் வெடி வைத்துச் சிதறடித்தார்கள். யாருக்காகப் போராடுவதாகச் சொன்னார்களோ, அந்த ஏழை ஜனம்தான் அவருடைய இறுதி ஊர்வலத்தில் திரண்டது.