உழைப்பு ஒருத்தருக்கு, திறமை ஒருத்தருக்கா?

அமெரிக்கன் ஃபுட்பால் போட்டியான என்எஃப்எல்-ல, எறியுற பந்தைப் பிடிச்சு ஓடுற ரிசீவர் இடத்துல வெள்ளைக்காரங்களுக்கு சரியா வாய்ப்பு கிடைக்கிறதில்லன்னு கட்டுரையில சொல்லியிருக்கீங்க, அதுல உண்மை இருக்கு ஆனா பாதிதான் இருக்கு. வெள்ளைக்கார ரிசீவர் கூப்பர் கப், காலேஜ் வீரர்களை அணிகள் வரிசையா தேர்ந்தெடுக்கிற 2017 டிராஃப்ட்ல மூணாவது ரவுண்டு வரைக்கும் காத்திருந்தாரு, சரி, ஆனா படிச்சது ஈஸ்டர்ன் வாஷிங்டன்னு சின்ன காலேஜ், ஓட்டத்துலயும் பெரிய வேகம் கிடையாது, அதனால நிறம் மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாதுங்க. அதே ஆளு 2021ல 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்குள்ள கொண்டுபோய் ஸ்கோர் பண்றது), மூணுலயும் லீக்லயே முதல் இடம், சூப்பர் பவுல்ங்கிற இறுதிப்போட்டியில எம்விபி, அதாவது சிறந்த வீரர் விருது வேற!

எனக்கு கோவம் வர்ற இடம் இதுதான். கப், எடெல்மன் மாதிரி வெள்ளைக்கார ரிசீவர்கள்னா புத்திசாலி, உழைப்பாளிம்பாங்க, கறுப்பின வீரர்னா பிறவித் திறமைன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. கறுப்பின ரிசீவர் ஜெர்ரி ரைஸ், சீசன் முடிஞ்சு மத்தவங்க ரெஸ்ட் எடுக்குற நேரத்துல கலிஃபோர்னியாவுல செங்குத்தான மலைப்பாதையில ஏறி ஏறி ஓடினாரே, கூட வந்தவங்க பாதியிலயே நின்னுடுவாங்களாம், அது உழைப்பு இல்லாம என்னவாம்?

வாய்ப்புன்னு பேசினா கறுப்பின வீரர் மார்லின் பிரிஸ்கோவ விடக்கூடாது. 1968ல டென்வர் அணியில, பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக்கா 14 டச்டவுன் பாஸ் போட்டாரு, அடுத்த வருஷமே அந்த இடம் இல்லன்னுட்டாங்க, பஃபலோ அணிக்குப் போய் ரிசீவரா மாற வேண்டியதாப் போச்சு. ஐம்பது வருஷம் கழிச்சு 2018லயும் இன்னொரு கறுப்பின குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன ரிசீவரா மாறச் சொன்னாங்க, அவர் மாட்டேன்னு நின்னாரு, 2019ல ஒரு ஓட்டு கூட வேற யாருக்கும் போகாம எம்விபி வாங்கினாரு. இந்தப் பக்கத்தையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதுங்க சார்.