ராணுவத் தளங்களுக்குச் சூரியத் தகடு மட்டும் போதுமா?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அங்கே சிக்கியவர்களில் பலர் அரக்கோணத்தில் உள்ள கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்துதான் விமானம் ஏறினார்கள். அப்படியொரு நெருக்கடியில் நீளமான ஓடுபாதை இருந்தால் மட்டும் போதாது. அதன் விளக்குகளுக்கும் ராடாருக்கும் எரிபொருள் பம்புக்கும் மின்சாரம் தடையின்றி வர வேண்டும். அதே மாதம் 23ஆம் தேதி உக்ரைனில், கணினி வழியாக ஊடுருவியவர்கள் துணைமின் நிலையங்களை அணைத்து, சுமார் 2.25 லட்சம் இணைப்புகளை இருளில் தள்ளினார்கள். வெள்ளமானாலும் பகைவனானாலும், முதலில் அறுந்துபோவது வெளியிலிருந்து வரும் மின்சாரம்தான்.

பிள்ளைகளைத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு அனுப்பும் கம்மவான்பேட்டை இருக்கும் நம் வேலூர் மாவட்டத்தில்கூட, பாதுகாப்புச் செலவு பற்றிய பேச்சு விமானத்தோடும் பீரங்கியோடும் முடிந்துவிடுகிறது.

படைத்தளங்களில் சூரிய மின்சாரம் பெருகுவது நல்லதே. கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியில் 2020இல் 3 மெகாவாட் நிலையம் தொடங்கப்பட்டது. ஆயினும் மின்கட்டணம் குறைவது வேறு, பாதுகாப்பு கூடுவது வேறு. காட்பாடியில் மொட்டை மாடியில் தகடு பதித்தவர்களைக் கேட்டால் தெரியும்: பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு இயங்கும் வழக்கமான இன்வெர்ட்டர் (தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி), வெளி மின்சாரம் நின்றதும், உச்சி வெயில் கொளுத்தினாலும், தானும் நின்றுவிடும். (கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, குறை சொல்வதற்கில்லை.) வீட்டில் மின்விசிறி நின்றால் வியர்வையோடு போகும், தளத்தில் ராடார் நிற்கக் கூடாது.

எனவே, வெளி இணைப்பிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, தகடு, பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றையும் ஒருங்கிணைத்து, முக்கியமான கருவிகளுக்கு முதலில் மின்சாரம் பங்கிடும் மைக்ரோகிரிட் ஒவ்வொரு தளத்துக்கும் வேண்டும் என்பதே என் கருத்து. வடக்கு சிக்கிமில் 16,000 அடி உயரத்தில் ராணுவம் 2021இல் வனேடியம் பேட்டரியுடன் சூரிய மின் நிலையம் அமைத்தது. டீசலை மலையேற்றும் துன்பமே அங்கே அதைக் கட்டாயமாக்கியது. சமவெளியில் டேங்கர் வாசலுக்கே வந்துவிடுவதால் அவசரம் தெரிவதில்லை. சாலையே மூழ்கும் நாளில் டேங்கர் எப்படி வரும்?

உக்ரைனில் நடந்ததுபோன்ற ஊடுருவலைத் தவிர்க்க, இன்வெர்ட்டரை இணையம் வழியாக இயக்கும் வசதி எவர் கையில் இருக்கிறது என்பதையும் ஒப்பந்தப் புள்ளியிலேயே கேட்டாக வேண்டும். ஜெனரேட்டரைச் சற்று நேரம் ஓட்டிப் பார்ப்பதைச் சோதனை என்று நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கத் தளங்கள் சிலவற்றில் செய்வதைப்போல வெளி மின்சாரத்தை முழுமையாக நிறுத்தும் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்தி, எந்தக் கருவி முதலில் படுக்கிறது என்று குறித்துவைத்து, அடுத்த ஆண்டுக்கான நிதியை அங்கிருந்து ஒதுக்கத் தொடங்கலாம்.