பச்சை லைட் எரியுதா சார்?

போன சனிக்கிழமை மதுராந்தகம் ஏரிக்கரையைத் தாண்டும்போது வண்டி மறுபடியும் மூச்சை விட்டது. நாலாவது தடவை. பின்னால் ஆம்னி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருகிறான், நான் ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறேன். காரணம், சீட்டுக்கு அடியில் கிடக்கும் சோப்புக்கட்டி அளவு கறுப்புப் பெட்டி. 18,000 ரூபாய்!

சைலன்சரை மாற்றியது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். (போலீஸ் பிடித்தது தனிக் கதை.) ஃப்ரீ ஃப்ளோ (புகையைத் தடுக்காமல் வெளியே விடும் சைலன்சர்) போட்டால் காற்று கூடும், அதற்கேற்ப பெட்ரோலும் கூடாவிட்டால் மிக்சர் லீன் ஆகிவிடும், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் கம்மி; ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கும். அதற்குத்தான் இந்த ஃபியூயல் கன்ட்ரோலர். இசியுவுக்கும் (எஞ்சினை நடத்தும் குட்டிக் கம்ப்யூட்டர்) பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைத் துளியூண்டு நீட்டும். செய்கிற வேலை அவ்வளவுதான். அதையும் ஒழுங்காகச் செய்யாது.

அரை மணி நேரம் நன்றாக ஓடும். எஞ்சின் சூடேறியதும் திக்கும், திணறும், செத்துப்போகும். பத்து நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக் அண்ணன் முன்னால் நிறுத்தினால் பூனைக்குட்டி. "நல்லாத்தானே ஓடுது தம்பி?"

விற்றவனுக்குப் போன் போட்டால் ஒரே கேள்வி: "பெட்டியில பச்சை லைட் எரியுதா சார்?" எரியுது. "அப்ப பெட்டி நல்லா இருக்கு, மேப்பை மாத்திப் பாருங்க." மேப் என்றால் எப்போது எவ்வளவு பெட்ரோல் கூட்டுவது என்று பெட்டிக்குள் இருக்கும் கணக்கு. ஐந்து மேப் மாற்றினேன். ஏம்பா, மேப் தப்பென்றால் எப்போதும் தப்பாகத்தானே ஓடும்? அரை மணி நேரம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு அப்புறமா கெட்டுப்போகும்? இவன் பேச்சைக் கேட்டு பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றி, பெட்ரோல் பம்ப் பிரஷரையும் பார்த்தாயிற்று. எதிலும் குறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பெட்டியின் எர்த் ஒயருக்கும் நடுவே 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 0.7 காட்டியது. ஒயரை லேசாக ஆட்டினேன், முள்ளு குத்தியது மாதிரி 3 வோல்ட்டுக்குத் துள்ளியது. கழற்றிப் பார்த்தால், பெயின்ட்டைச் சுரண்டாமல் ஃபிரேம் மேலேயே போல்ட் போட்டிருக்கிறான் மாட்டிக் கொடுத்த மகராசன். வளையத்துக்குள் பாதி இழை அறுந்து, மிச்சம் பச்சைக் களிம்பு. அந்தக் கிரிம்ப் (ஒயரை வளையத்தோடு நசுக்கிப் பிடித்த இடம்) கம்பெனியிலிருந்தே வந்தது.

இன்ஜெக்டர் திறப்பதே அந்த எர்த் வழியாகத்தான். அதற்கு ஏறக்குறைய ஒரு ஆம்பியர் வேண்டும். அந்தப் பாழாய்ப்போன பச்சை லைட்டுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். ரெண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே ஜம்மென்று எரியும்!

சரி, சால்டர் வைத்து நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். நிற்பது நின்றது. ஆனால் ஒரே வேகத்தில் போனால் அதே வெடிச் சத்தம். இது பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி; ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துப் பார்த்து இசியு மிக்சரை 14.7க்கு (ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று) இழுத்து வைத்துக்கொள்ளும். பெட்டி ஊற்ற ஊற்ற, இசியு குறைத்துக்கொண்டே வரும். விற்றவனைக் கேட்டால், "அதுக்குத் தனியா ஒரு அயிட்டம் இருக்கு சார், 3,500 ரூபாய்தான்." வாங்கும்போது வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய்?

பெட்டியைப் பிடுங்கிவிட்டு பழைய சாக்கெட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்தேன், கம்பெனி சைலன்சரையும் பரணிலிருந்து இறக்கி மாட்டினேன். நேற்று திண்டிவனம் போய்விட்டு வந்தேன், ஒரு திக்கல் இல்லை. பெட்டியைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்று இத்தனை நாளில் ஒருத்தனாவது சொன்னானா?

இன்று காலை வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து மெசேஜ்: "சார், லைட் பச்சையா எரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க."