*மொரி என்றால் கடலா?

தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் (இலத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் முதலியவற்றின் எழுதப்படாத மூதாய் மொழி) கடலுக்கு *மொரி என்று பெயர், இப்படி ஒரே வரியில் அகராதிக்காரர்கள் எழுதிவிட்டுப் போகிறார்கள். வடிவத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. 'கடல்' என்ற பொருளைத்தான் ஏற்க முடியவில்லை.

முதலில் வடிவம். இலத்தீன் மரெ, பழைய ஐரிஷ் முயிர், கோத்திக் மரீ, பழைய சிலாவிய மொர்யெ. முதல் உயிர் அகரமா, ஒகரமா? கோத்திக்கைக் கேட்டுப் பயனில்லை. ஜெர்மானியக் கிளையில் பழைய குறில் ஒகரம் அகரமாகிவிட்டது. சிலாவியத்தில் தலைகீழ், குறில் அகரமும் ஒகரமாகிவிட்டது. இந்த நான்கில் அகரத்தையும் ஒகரத்தையும் பிரித்துக் காட்டும் சாட்சிகள் கெல்டிக்கும் (ஐரிஷ் சேர்ந்த கிளை) இலத்தீனும் மட்டுமே. அவையோ ஒன்றுக்கொன்று முரண்! கெல்டியர் வாழ்ந்த 'கால்' (Gaul, பெரும்பாலும் இன்றைய பிரான்ஸ்) நாட்டின் கடலோரத்துக்கு அரெமொரிகா என்று பெயர்: 'அரெ' அருகில், 'மொரி' கடல். ஒகரம் பளிச்சென்று தெரிகிறது. இலத்தீனில் மட்டும் *மொரெ வர வேண்டிய இடத்தில் மரெ. மகரம் போன்ற இதழொலிக்குப் பின் ஒகரம் திரிந்தது என்று விளக்குகிறார்கள், எல்லாரும் ஏற்கவில்லை. சொல்லின் முன் உடுக்குறி (*) போடுவது இதற்காகத்தான்: எழுத்தில் கிடைத்த சொல் அல்ல, ஒப்பிட்டு மீட்டது.

(தமிழ் 'மாரி'யை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி: அதே ஒலி மாற்றம் வேறு பத்துச் சொற்களிலும் ஒழுங்காக வருகிறதா? வராவிட்டால் அது இனச்சொல் (ஒரே மூலத்திலிருந்து வந்த சொல்) ஆகாது.)

இனிப் பொருள். பழைய ஆங்கில மெரெ பெரும்பாலும் ஏரி. லிதுவேனியரின் மாரியோஸ் காயலையும் குறிக்கும். காக்கசஸ் மலைப்பகுதியின் ஒசெட்டிய மொழியில் மால், ஆழமாகத் தேங்கிய நீர். டச்சில் 'மேர்' ஏரி, 'ஸே' கடல். 1932இல் பெரிய அணைகட்டிக் கடலை அடைத்ததும் ஸவுடர்ஸே என்ற பெயரே ஐசல்மேர் ஆனது. கிரேக்கத்திலோ கடலுக்கான சொற்கள் வேறு: தலஸ்ஸா வேற்றுமொழிச் சொல், ஹல்ஸ் உப்பு, பொன்டொஸ் 'வழி' என்ற வேரிலிருந்து வந்தது. சமஸ்கிருத சமுத்திரம் 'நீர்கள் கூடுமிடம்'.

இதை வைத்து 'அந்த மூதாய் மொழியைப் பேசிய ஆதிக்குடிகள் கடலே பார்க்காதவர்கள்' என்று சிலர் தாவுகிறார்கள். அதுவும் தவறு. சொல் வழக்கொழிந்தும் போகும்; பொருள் எதிர்த்திசையிலும் நகரும். 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் கட்டிய பராக்கிரம சமுத்திரம் ஒரு குளம்தானே? கடலின் பெயர் குளத்துக்கு வந்திருக்கிறது.

ஆகவே அகராதியில் *மொரிக்கு நேரே 'கடல்' என்று மட்டும் போடாதீர்கள். 'தேங்கிய பெருநீர்' என்று எழுதி, கிளைவாரியாக ஏரி, காயல், கடல் என்று பிரித்துக் காட்டுங்கள்.